அறுபத்தைந்து நாட் பிரதமர்: இஷிபாஷி தன்சான்

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் நெடுங்காலம் ஆண்டவர்களுக்கே நீண்ட அத்தியாயங்களை ஒதுக்குவது வழக்கம். சின்னாட்கள் இருந்து சென்றவர்கள் அட்டவணையில் ஒரு வரியாக நின்றுவிடுவர். யப்பானியப் பிரதமர்களின் வரிசையில் அத்தகைய ஒருவரிப் பெயர்கள் பல உண்டு. 1945ஆம் ஆண்டில், போர் ஓய்ந்த கையோடு அரச குடும்பத்திலிருந்து வந்து 54 நாள் பதவி வகித்த ஹிகாஷிகுனி இளவரசர் ஒருவர். 1994ஆம் ஆண்டில் 64 நாள் ஆண்ட ஹாத்தா சுத்தொமு மற்றொருவர். இவர்களை அடுத்து நிற்பது இஷிபாஷி தன்சானின் பெயர். 1956 டிசெம்பர் 23ஆந் தேதி பதவியேற்று, 1957 பெப்ரவரி 25ஆந் தேதி பதவி நீங்கியவர் அவர். ஆக 65 நாட்கள். அவற்றுள்ளும் கடைசி ஒரு மாதம் நோய்ப்படுக்கையிலே கழிந்தது. பிரதமரென்ற முறையில் பாராளுமன்றத்திலே கொள்கை விளக்கவுரை ஒன்றேனும் அவர் ஆற்றவில்லை.

ஆயினும், பல்லாண்டு ஆண்ட வேறு சிலரிலும் பார்க்க இவரையே யப்பானியர் மீண்டும் மீண்டும் நினைத்துப் பேசுகின்றனர். காரணம் அவர் ஆண்ட முறையன்று. ஆளாது விட்ட முறை. அவர் எழுதிய பதவி விலகற் கடிதத்தின் வேரைத் தேடிச் செல்வோமாயின், அது கடிதம் எழுதப்பெறுவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன், ஒரு வார ஏட்டின் பக்கத்திலே சென்று முடிவதைக் காணலாம்.

இஷிபாஷி 1884 செப்டெம்பர் 25ஆந் தேதி தோக்கியோவில் பிறந்தார். தந்தையார் சுகித்தா தன்சேய், நிச்சிரென் என்னும் பௌத்தப் பிரிவைச் சேர்ந்த துறவி. பிற்காலத்தில் அப்பிரிவின் தலைமைப் பீடமாகிய மினோபு மலைக் கோயிலுக்கே தலைவராக விளங்கியவர். துறவிகள் இல்லறம் நடத்துவதை ஊரார் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாத காலம் அது. ஆதலின் மகன் தாய்வழிப் பெயராகிய இஷிபாஷி என்பதையே குடும்பப் பெயராகக் கொண்டான். பெற்றோர் இட்ட பெயர் செய்சோ. தன்சான் என்பது பின்னர் அவர் பூண்ட பெயர்.

பத்து வயதளவில் சிறுவனை யமானாஷி மாகாணத்து ஒரு கோயிலில் மொச்சிசுகி நிக்கென் என்ற துறவியிடம் ஒப்படைத்துவிட்டுத் தந்தையார் தம் வழியே சென்றார். அதன்பின் குருவே தந்தையாகவும் கோயிலே வீடாகவும் அமைந்தன. படிப்பில் அவன் சிறந்து விளங்கினான் என்று கூறுவதற்கில்லை. நடுநிலைப் பள்ளியில் இரண்டு முறை வகுப்பேற்றம் கிடைக்காது தங்கினான். இத்தோல்வியே தமக்குப் பெரும் பேறாயிற்று என்று பின்னாளில் இஷிபாஷி கருதினார். ஏனெனில், உரிய காலத்தில் தேறிச் சென்றிருந்தால், புதிய தலைமையாசிரியராக வந்த ஓஷிமா மசதாக்கேயிடம் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியிராது. ஓஷிமா, ஹொக்கைதோவில் சப்பொரோ விவசாயக் கல்லூரியை நிறுவி நடத்திய வில்லியம் கிளார்க் என்ற அமெரிக்கரின் நேர் மாணவர். மனிதன் தன் தலையால் தானே சிந்தித்து, தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்னும் பாடத்தைத் துறவியிடம் வளர்ந்த பையன் அவரிடம் கற்றான்.

உயர்தரக் கல்லூரி நுழைவுத் தேர்விலும் இருமுறை தவறியபின் வசேதா பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே தத்துவம் பயின்றார். அமெரிக்கத் தத்துவ ஞானி ஜோன் டூவியிடம் கற்று வந்த தனாக்கா ஓதோ அவருக்கு ஆசான். ஒரு கொள்கை உண்மையா என்பதை அதன் பயனைக்கொண்டே அளந்தறிய வேண்டும் என்பது அவ்வாசானின் நெறி. 1907இல் பட்டம் பெற்று, சிறிது காலம் தினசரி ஒன்றிலும், பின் ஓராண்டு இராணுவத்திலும் இருந்தார். 1911ஆம் ஆண்டில் தோயோ கெய்சாய் ஷிம்போ என்னும் பொருளாதார ஏட்டை வெளியிட்டுவந்த நிறுவனத்திலே சேர்ந்தார். தத்துவம் பயின்றவருக்குப் பொருளாதாரம் புதிது. அலுவலகத்துக்குப் போகும்போதும் வரும்போதும் திராம் வண்டியில் அமர்ந்து ஆங்கிலப் பொருளாதார நூல்களைப் படித்துத் தாமே அத்துறையைக் கற்றுக்கொண்டார் என்பர். 1924இல் அந்த ஏட்டின் தலைமை ஆசிரியப் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

அக்காலத்து யப்பானின் நிலையை இங்கே சிறிது நினைவு கூர்தல் வேண்டும். 1895இல் சீனாவிடமிருந்து தைவானையும், 1905இல் உருசியாவை வென்று தென் மஞ்சூரிய உரிமைகளையும் பெற்ற யப்பான், 1910இல் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. முதலாம் உலகப் போர் மூண்டதும், சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறைமுகத்தையும் 1914 நவம்பரில் கைப்பற்றியது. தெருக்கள்தோறும் வெற்றி விழா. அவ்வேளையிலே, சிங்தாவை யப்பான் ஒருபோதும் தனதாக்கிக் கொள்ளலாகாது என்று ஒரு பொருளாதார ஏடு எழுதிற்று. எழுதியவர் முப்பது வயதான இஷிபாஷி. அடுத்த ஆண்டு சீனா மீது இருபத்தொரு கோரிக்கைகள் சுமத்தப்பட்டபோதும் அவர் அதே குரலில் கண்டித்தார்.

இக்கருத்துக்களெல்லாம் முழு உருவம் பெற்றது 1921ஆம் ஆண்டிலே. கடற்படைக் குறைப்புக் குறித்துப் பேச வாஷிங்டன் மாநாட்டுக்கு அமெரிக்கா அழைப்பு விடுத்திருந்தது. யப்பானிய அரசாங்கச் செலவில் ஏறக்குறைய அரைவாசியைத் தரைப்படையும் கடற்படையும் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. எதைக் கொடுத்து எதைக் காப்பது என்று இராசதந்திரிகள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையுமே விட்டுவிடும் துணிவு வேண்டும் என்று இஷிபாஷி யூலை மாதத்தில் எழுதினார். அதைத் தொடர்ந்து, ‘பெரு யப்பான் என்னும் மாயை’ என்ற பொருள்பட்ட தலைப்பில் மூன்று வாரம் ஒரு தொடர் வெளிவந்தது.

அத்தொடரின் சிறப்பு அதன் தொனியில் இல்லை, எண்களில் இருக்கின்றது. குடியேற்ற நாடுகள் இன்றி யப்பான் வாழ முடியாது என்பது அன்று எல்லோரும் ஒப்பிய முடிபு. உண்மைதானா என்று இஷிபாஷி வர்த்தகக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 1920ஆம் ஆண்டில் கொரியா, தைவான், மஞ்சூரியாவின் குவாந்துங் ஆகிய மூன்றோடும் யப்பான் செய்த ஏற்றுமதி இறக்குமதி மொத்தம் 90 கோடி யென்னுக்குச் சிறிது மேல். அதே ஆண்டில் அமெரிக்காவோடு செய்த வர்த்தகமோ 143 கோடி 80 இலட்சம் யென். இந்தியாவோடு 58 கோடி 70 இலட்சம். இங்கிலாந்தோடு 33 கோடி. ஒரு சிப்பாயையும் நிறுத்திவைக்காத அமெரிக்கா, படையும் பொலிசும் தேசாதிபதியும் வைத்துக் காக்கும் மூன்று நிலப்பகுதிகளையும் ஒருங்கே சேர்த்ததிலும் பெரிய சந்தையாக இருக்கின்றது. இந்தியா ஒன்றே அம்மூன்றின் வர்த்தகத்தில் பாதியைத் தாண்டி நிற்கின்றது. பின் எதற்காக இந்தக் காவல்? அக்காவலுக்கே ஒரு கடற்படை வேண்டியிருக்கின்றது. அக்கடற்படை அயலாரின் ஐயத்தைக் கிளப்புகின்றது. அந்த ஐயமே போரைக் கொணரும். அந்நிலங்களை விட்டொழித்தால் காக்கவேண்டியதும் இல்லை, போருக்குக் காரணமும் இல்லை என்பது அவர் வாதம்.

அத்தோடு அவர் நின்றாரில்லை. கொரியரும் சீனரும் யப்பானியரின் ஆட்சியை என்றென்றும் பொறுத்திரார். எந்த இனமும் பிற இனத்தின் கீழ் மனமுவந்து வாழ்ந்ததில்லை என்று எச்சரித்தார். பிறர் பிடுங்கிக்கொள்ளும் வரை காத்திராது யப்பான் தானாகவே முன்வந்து விடுதலை அளிக்குமாயின், ஆசிய மக்கள் யாவரும் அதன் பக்கம் நிற்பர். குடியேற்ற நாடுகளை வைத்திருக்கும் மேல்நாட்டு வல்லரசுகளுக்கு அப்போது தலைகுனிவே மிஞ்சும் என்றும் எழுதினார். கல்வியிலும் தொழிலிலும் மூலதனத்திலும் வளர்ந்த சிறிய யப்பானே அவர் கண்ட கனவு. ‘சிறு யப்பான் கொள்கை’ என்று இதனை வரலாற்றாசிரியர் வழங்குவர். 1945இன்பின் யப்பான் எவ்வழியாகச் செல்வம் பெற்றதோ அவ்வழியை ஓர் ஏட்டாசிரியர் 1921இலேயே எண்களால் வரைந்து காட்டினார் என்றால் அது மிகையன்று. ஆனால் இடையில் இருபத்துநான்கு ஆண்டுகளும் எண்ணற்ற உயிர்களும் செலவாயின.

இனி, முன் குறிப்பிட்ட 26 ஆண்டுக் கணக்கின் தொடக்கத்துக்கு வருவோம். 1929இல் ஹமகுச்சி ஒசாச்சி பிரதமரானார். சிங்கப் பிரதமர் என்று மக்கள் அழைத்த உறுதி வாய்ந்த மனிதர். அவருடைய நிதி மந்திரி இனோவே ஜுன்னொசுகே, யென் நாணயத்தை மீண்டும் பொன்னோடு பிணைக்க முடிவு செய்தார். அதுவும் 100 யென்னுக்கு 49 டொலர் 85 சதம் என்ற பழைய விகிதத்திலே. அன்றைய சந்தையிலோ யென்னின் மதிப்பு அதனிலும் ஏறக்குறைய பத்திலொரு பங்கு தாழ்ந்திருந்தது. பழைய விகிதத்துக்கு உயர்த்தினால் விலைகள் வீழும், தொழில் சுருங்கும், ஏழை உழவனே முதலில் மடிவான் என்று இஷிபாஷியும் தகாஹஷி கமேகிச்சி முதலிய அவர் நண்பர் சிலரும் வாதாடினர். கேட்பாரில்லை. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிவிட்ட வேளையில், 1930 சனவரியில், அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. விளைவு அவர்கள் அஞ்சியவாறே ஆயிற்று. பட்டு நூல் விலை சரிந்தது, கிராமங்கள் வறண்டன. 1931 டிசெம்பரில் வேறோர் அரசாங்கம் பொன்னிலிருந்து யென்னை விடுவித்தது.

இதற்கிடையே, 1930 நவம்பர் 14ஆந் தேதி, தோக்கியோ புகையிரத நிலையத்தில் தீவிரவாத இளைஞன் ஒருவன் ஹமகுச்சியைச் சுட்டான். பிரதமர் இறக்கவில்லை, எழுந்து நடமாடவும் இயலவில்லை. அயல்நாட்டு மந்திரி பதிற்கடமை பார்க்க, மாதங்கள் கழிந்தன. பிரதமர் எங்கே என்று எதிர்க்கட்சியினர் பாராளுமன்றத்தில் நாள்தோறும் ஆரவாரித்தனர். சபை நடவடிக்கை கூச்சலாகவும் கைகலப்பாகவும் மாறிற்று. ஈற்றில், 1931 மார்ச்சு மாதத்தில், ஆறாத புண்ணோடு ஹமகுச்சி சபைக்கு வந்தார். அம்முயற்சி அவர் உடலை முற்றாகக் குலைத்தது. ஏப்பிரலில் பதவி விலகினார். ஓகஸ்டில் உயிர் துறந்தார்.

நாடு முழுவதும் அவருக்காக இரங்கிற்று. இஷிபாஷி இரங்கியதோடு அமையாது ஒரு கேள்வியையும் எழுப்பினார். கடமையை ஆற்ற முடியாதென்று தெரிந்த அன்றே பிரதமர் விலகியிருக்க வேண்டாமா? பதிற் பிரதமரைக் கொண்டு காலங் கடத்தியதால் பாராளுமன்ற ஆட்சியின் மதிப்பே குன்றிவிட்டதன்றோ? மக்களாட்சியில் பதவி என்பது ஒருவர் படுத்திருக்கும் கட்டிலன்று, செய்துமுடிக்க வேண்டிய வேலை என்பதே அவர் எழுதியதன் சாரம். குண்டடிபட்ட ஒருவரை நோக்கி இப்படி எழுதுவதற்குக் கல் நெஞ்சம் வேண்டும் என்று அன்று சிலர் எண்ணியிருக்கலாம். சபையில் கூச்சலிட்ட எதிர்க்கட்சியின் நோக்கம் தூயதன்று என்பதும் உண்மையே. ஆயினும் அதே ஆண்டு செப்டெம்பரில் மஞ்சூரியாவில் இராணுவத்தினர் தம் விருப்பப்படி போர் தொடுத்தபோது, அவர்களைத் தடுக்கும் வலிமை பாராளுமன்றத்துக்கு இருக்கவில்லை. நலிந்த சபையின் நிலையைக் காணும்போது, இஷிபாஷியின் கேள்வி வெறும் கடுமையன்று என்பது புலனாகும்.

போர்க்கால இஷிபாஷியைக் குறைவற்ற வீரராகச் சித்திரிப்பது பொருந்தாது. மஞ்சூரியப் போரைத் தொடக்கத்தில் எதிர்த்த அவர், மஞ்சுகுவோ அரசு நிறுவப்பட்டபின் அதனை நடந்து முடிந்த காரியமாகக் கொண்டே எழுதவேண்டியவரானார். தணிக்கை இறுகியது, சொற்கள் மங்கின. அச்சுத்தாளும் மையும் அரசாங்கப் பங்கீட்டிலேயே கிடைத்தமையால், ஏட்டின் கழுத்து அதிகாரிகளின் கையில் இருந்தது. இராணுவத்தோடு இணங்கிப் போவோம் என்று நிறுவனத்துக்குள்ளேயே சிலர் கூறியபோது, கொள்கையை விற்று ஏட்டை வாழவைப்பதிலும் அதனை மூடிவிடுவதே மேல் என்று மறுத்துவிட்டார். வேறெங்கும் எழுத இடமற்றுப்போன தாராண்மைவாதிகள் சிலர்க்கு, கியோசவா கியோஷியைப் போன்றவர்க்கு, அவ்வேடு ஒதுங்குமிடமாயிற்று. 1944 பெப்ரவரியில், பசிபிக் சமுத்திரத்துக் குவாஜலீன் தீவில், கடற்படையில் பணிபுரிந்த அவருடைய மகன் கசுஹிக்கோ உயிரிழந்தார். எந்தப் பேரரசை விட்டுவிடுமாறு தந்தை எழுதினாரோ அதன் வேலியோரத்திலே மகன் மடிந்தார்.

தோல்விச் செய்தி வந்தபோது இஷிபாஷி வடக்கேயுள்ள அக்கித்தா மாகாணத்து யொக்கோத்தே என்ற ஊரில் இருந்தார்; குண்டுவீச்சுக்கு அஞ்சி அச்சு வேலையின் ஒரு பகுதியை அங்கே மாற்றியிருந்தனர். நகரங்கள் சாம்பலாகிக் கிடக்க, குடியேற்ற நாடுகள் யாவும் கைநழுவிப் போக, இனி யப்பான் எப்படி வாழும் என்று எல்லோரும் தலையில் கைவைத்திருந்தனர். ஓகஸ்ட் 25ஆந் தேதி இதழில், யப்பானின் எதிர்காலம் விரிந்து பரந்து கிடக்கின்றது என்று இஷிபாஷி எழுதினார். வெறும் ஆறுதல் அன்று அது. 1921இல் விட்டுவிடச் சொன்னவற்றை இப்போது பிறர் பறித்துக்கொண்டனர். கணக்கு மட்டும் மாறவில்லை.

எழுதிக்கொண்டே இருந்தால் போதாது என்று கருதி, 1946 தேர்தலில் நின்று தோற்றார். தோற்றவரையே யொஷிதா ஷிகேரு தம் முதலாவது மந்திரி சபையில் நிதி மந்திரியாக்கினார். பட்டினியும் வேலையின்மையும் தாண்டவமாடும் நாட்டில், விலையேற்றத்துக்கு அஞ்சிப் பணத்தை இறுக்கிப் பிடிப்பது மடமை. முதலில் ஆலைகள் புகைய வேண்டும் என்பது அவர் முடிவு. நிலக்கரிக்கும் உருக்குக்கும் முதலிடம் அளிக்கப்பட்டது. புனரமைப்பு நிதி வங்கி தொடங்கப்பட்டது. நிலக்கரி வெளிவந்தது, விலைவாசியும் கூடவே ஏறியது. அந்தப் பணவீக்கத்தில் இஷிபாஷிக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

ஆட்சியிலிருந்த அமெரிக்கத் தலைமையகத்தோடு அவர் மோதியது வேறொரு காரியத்திலே. ஆக்கிரமிப்புப் படையினரின் செலவை யப்பானிய அரசாங்கமே ஏற்கவேண்டியிருந்தது. அது வரவுசெலவுத் திட்டத்தின் மூன்றிலொரு பங்களவுக்கு வளர்ந்திருந்தது. வீடுகளும் கோல்ப் மைதானங்களுங்கூட அக்கணக்கில் அடங்கின. பசித்திருக்கும் மக்களின் பணம் இதற்காகாது என்று நிதி மந்திரி குறைப்புக் கேட்டார். தோற்ற நாட்டு மந்திரி வென்ற படையிடம் அவ்வாறு பேசுவதை அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சழுத்தம் மிக்கவர் என்று பொதுமக்கள் அவருக்குப் பட்டம் சூட்டினர்.

1947 ஏப்பிரலில் ஷிசுஓக்கா மாகாணத்திலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். மே மாதத்தில், பொது வாழ்வுக்குத் தகுதியற்றவரென விலக்கப்பட்டார். குற்றச்சாட்டு என்னவெனில், அவருடைய ஏடு படையாட்சியையும் ஏகாதிபத்தியத்தையும் ஆதரித்ததாம்! யப்பானிய ஆய்வுக் குழு அவரிடத்துக் குற்றம் இல்லையென்றே கண்டிருந்தது. தலைமையகம் அம்முடிவைத் தள்ளிவிட்டது. இஷிபாஷி நீண்டதொரு மறுப்பை எழுதிச் சமர்ப்பித்தார்; பயனில்லை. யொஷிதாவும் அவருக்காக வாய் திறக்கவில்லை. அன்று பிறந்த பகை இறுதிவரை தீரவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்து 1951 யூனில் தடை நீங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் யப்பானோடு சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாகியது. இலங்கையின் நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா புத்தர் வாக்கை எடுத்துக்காட்டி, இலங்கை இழப்பீடு கேளாது என்று கூறியது அங்கேதான் என்பதை நேயர்கள் அறிவர். மீண்டும் அரசியலுக்கு வந்த இஷிபாஷி, யொஷிதாவை எதிர்த்த ஹாத்தொயாமா இச்சிரோவின் பக்கம் நின்றார். 1954 டிசெம்பரில் ஹாத்தொயாமா பிரதமரானதும் வர்த்தக கைத்தொழில் மந்திரிப் பதவி அவருக்குக் கிடைத்தது. அமெரிக்காவோடு நட்புக் கொள்க. அதற்காகச் சீனாவோடு வாணிகம் செய்யாது விடுதல் வேண்டா என்பது அவர் நிலை. வாஷிங்டனில் அது விரும்பப்படவில்லை.

ஹாத்தொயாமா 1956இல் சோவியத் நாட்டோடு உறவைப் புதுப்பித்துவிட்டு ஓய்வெடுக்க விரும்பியபோது, ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைமைக்கு மூவர் போட்டியிட்டனர். டிசெம்பர் 14ஆந் தேதி நடந்த முதல் வாக்கெடுப்பில் கிஷி நொபுசுகே 223 வாக்கும், இஷிபாஷி 151 வாக்கும், இஷீ மித்சுஜிரோ 137 வாக்கும் பெற்றனர். எவர்க்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாமையால் முதலிருவரிடையே மறு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாமவரும் மூன்றாமவரும் முன்னரே கைகோத்திருந்தனர். இஷிபாஷிக்கு 258; கிஷிக்கு 251. ஏழே வாக்குகள்.

தோற்ற கிஷி யார் என்பதை இங்கே கூறாதுவிடின் பின்வருவதன் கனம் விளங்காது. 1941இல் அமெரிக்காவுக்கு எதிரான போர்ப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட தோஜோ மந்திரி சபையின் வர்த்தக மந்திரி அவர். போருக்குப்பின் மூன்று ஆண்டுகள் சுகாமோ சிறையில் போர்க்குற்றச் சந்தேகத்தின்பேரில் வைக்கப்பட்டு, விசாரணையின்றி 1948 டிசெம்பரில் விடுதலையானவர். பேரரசை நிருவகித்தவரும் பேரரசை மாயையென்றவரும் ஒரே கட்சியில் எதிரெதிராக நின்றனர். வென்றவர் தோற்றவரைத் தள்ளிவைக்க இயலவில்லை. வாக்குத் தேடும் அவசரத்தில் ஒரே நாற்காலி பலருக்கு வாக்களிக்கப்பட்டிருந்ததாகக் கூறுவர். அந்தச் சிக்கலுக்கிடையே மந்திரி சபை அமைந்தபோது, அயல்நாட்டு மந்திரிப் பதவி கிஷிக்கே சென்றது.

புதிய பிரதமருக்கு வயது 72. 10,000 கோடி யென் வரிக்குறைப்பு, அதே அளவு தொகைக்கு ஆக்க வேலைகள் என்பது அவர் அறிவித்த திட்டம். 1957 சனவரி 8ஆந் தேதி தோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில் மக்கள்முன் ஐந்து உறுதிமொழிகளைக் கூறினார். பாராளுமன்ற நடைமுறையைச் செம்மை செய்தல் அவற்றுள் முதலாவது. கடுங்குளிரில் ஊர் ஊராகச் சென்று பேசினார். மக்களைச் சந்திப்பதில் அவர் காட்டிய உற்சாகம் இளைஞரும் நாணத்தக்கது. சனவரி 23ஆந் தேதி வசேதா பல்கலைக்கழகத்தார், தம் மாணவர் ஒருவர் பிரதமரானதற்காகத் திறந்தவெளியில் பாராட்டு விழா எடுத்தனர். இரண்டு நாளில் பிரதமர் வீட்டில் வீழ்ந்தார்.

நுரையீரல் அழற்சி என்று வெளியே கூறப்பட்டது. உண்மையில் மூளைக் குருதிக்குழாயில் ஏற்பட்ட அடைப்பு அது. மாத முடிவில் கிஷி பதிற் பிரதமரானார். பெப்ரவரி 4ஆந் தேதி பிரதமரின் கொள்கை விளக்கவுரையைப் பாராளுமன்றத்தில் கிஷியே படித்தார். வரவுசெலவுத் திட்டம் விவாதிக்கப்படவேண்டிய முக்கியமான கூட்டத்தொடர் அது. பெப்ரவரி 22ஆந் தேதி மருத்துவர்கள் மீண்டும் பரிசோதித்து, இன்னும் இரண்டு மாத ஓய்வு தேவை என்றனர்.

இரண்டு மாதம் என்பது அரசியலில் பெரிய காலமன்று. பதிற் பிரதமர் இருக்கின்றார், கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கின்றது, தேர்தலும் நெருங்கவில்லை. இருந்து பார்க்கலாம் என்று கூறுவார்க்கும் குறைவில்லை. ஆனால் நோயாளியின் முன்னே 1931ஆம் ஆண்டு நின்றது. ஹமகுச்சியை நோக்கித் தாம் எழுதியதை இப்போது தம்மைக் குறித்து வேறு விதமாகப் படிக்க அவரால் இயலவில்லை. பதவியைப் பற்றி நின்றால் தம் எழுத்தை நம்பிய வாசகரை ஏமாற்றியவராவேன் என்றே பின்னர் அதற்குக் காரணங் கூறினார். மறுநாள், கட்சிச் செயலாளர் மிக்கி தக்கேயோவின் வாயிலாக அவர் கடிதம் வெளியாயிற்று. வரவுசெலவு விவாதத்துக்கு ஒரு நாளேனும் வர இயலாத பிரதமர் பதவியில் இருத்தல் ஆகாது. ஆதலின் அரசியல் மனச்சான்றின்படி விலகுகின்றேன் என்பது அதன் கருத்து. எதிர்வரிசையில் இருந்த சோஷலிஸ்டுகளும் அதனைப் பாராட்டினர்.

அச்செயலின் விலை என்ன? இரண்டு நாளில் கிஷி பிரதமரானார். ஏழு வாக்கால் தடுக்கப்பட்டவர் ஒரு கடிதத்தால் உள்ளே வந்தார். சீனாவோடு வாணிகம் செய்யும் கொள்கை பின்தள்ளப்பட்டது. 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றக் கிஷி பொலிசாரைச் சபைக்குள் வரவழைத்தார். தெருக்களில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். பாராளுமன்றத்தின் மதிப்பைக் காக்க விலகியவரின் பின்னே வந்தவர் அம்மதிப்பை என்ன செய்தார் என்று கேட்போர் இன்றும் உளர். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் யப்பானின் வரலாறு வேறாக ஓடியிருக்குமோ என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. ஆயின் இஷிபாஷியின் பக்கத்திலிருந்து பார்த்தால், தம் சொல்லுக்குத் தாமே விலக்காகும் ஒருவர் பாராளுமன்ற நடைமுறையைச் செம்மை செய்வதாக அளித்த முதல் உறுதிமொழிக்கு என்ன பொருள் இருந்திருக்கும் என்ற கேள்வியும் எழுகின்றது. கிஷியின் கையில் ஆட்சி போகும் என்பதை அறியாத பேதை அல்லர் அவர், அறிந்தே விலகினார்.

விலகியபின் அவர் ஓரளவு நலம்பெற்றார், வாளா இருக்கவில்லை. 1959 செப்டெம்பரில், நோயின் தளர்ச்சி முற்றும் நீங்காத உடலோடு, கிஷி அரசாங்கத்தின் கருத்துக்கு மாறாகப் பீக்கிங் சென்று சூ என்லாயைச் சந்தித்துக் கூட்டறிக்கை வெளியிட்டார். 1960 மே மாதம் உடன்படிக்கை வலிந்து நிறைவேற்றப்பட்ட இரவில், ஆளுங்கட்சியினராயிருந்தும் அவர் சபையில் இருக்கவில்லை. யூனில், முன்னைப் பிரதமர்களான ஹிகாஷிகுனி, கத்தயாமா ஆகிய இருவரோடும் சேர்ந்து, பதவி விலகுமாறு கிஷிக்கு அறிவுரை கூறினார். 1963இல் மீண்டும் சீனா சென்றார். அதே ஆண்டுத் தேர்தலில் தோற்று அரசியலை விட்டார். நிச்சிரென் பிரிவினரின் ரிஷ்ஷோ பல்கலைக்கழகத்துத் தலைவராக 1968 வரை பணியாற்றினார்.

1972 செப்டெம்பரில், சீனாவோடு உறவை ஏற்படுத்தப் பிரதமர் தனாக்கா ககுவேய் புறப்பட்டார். பயணத்துக்கு முன் இஷிபாஷியின் வீட்டுக்குச் சென்று, நோயுற்றிருந்த முதியவரிடம் தாம் சீனா செல்லும் செய்தியைச் சொன்னார். அம்மாதம் 29ஆந் தேதி பீக்கிங்கில் இரு நாட்டுப் பிரதமர்களும் கையொப்பமிட்டனர். ஏழு மாதங்கள் கழித்து, 1973 ஏப்பிரல் 25ஆந் தேதி, 88ஆவது வயதில், இஷிபாஷி தன்சான் காலமானார்.